நாக்கு சொல்லும் கணக்கு தப்பு

கல்லூரி விடுதியின் மதியச் சாப்பாட்டைப் பாருங்கள். சாம்பாரிலும் பொரியலிலும் உப்பு. அப்பளத்தில் அதைவிட அதிகம். மோர்ச்சாதத்துக்கு ஊறுகாய். சாயங்காலம் வாசலில் கொய்யாக்காய் வாங்கினாலும் உப்பும் மிளகாய்த்தூளும் தூவித்தான் கைக்கு வரும். ராத்திரி பசித்தால் நூடுல்ஸ். இவ்வளவுக்கும் பிறகு, "சாம்பார்ல உப்பே இல்லடி" என்று ஒரு பெண் சொன்னால், சமையல்காரரைக் கேட்பதற்கு முன் அவள் நாக்கைச் சந்தேகிக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு; அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். உலகம் சராசரியாகத் தின்பது அதைப்போல் இரண்டு மடங்கு. பாக்கெட்டில் 'சோடியம்' என்றுதான் அச்சிட்டிருப்பார்கள், அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு. 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. அந்த எண் 100 கிராமுக்கா, முழுப் பாக்கெட்டுக்கா என்பதையும் பாருங்கள்.

உப்பை உணரும் திறன் ஆளுக்கு ஆள் வேறுபடும். மந்தமான நாக்குக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டா என்று தேடிய ஆய்வுகள் ஒரே பதிலைத் தரவில்லை. ஆனால் உப்பு கூடினால் அழுத்தம் ஏறும் என்பதில் ஐயமில்லை. அமெரிக்காவில் 412 பேரிடம் நடத்தி 2001-இல் வெளியான ஆய்வில், உப்பைக் குறைக்கக் குறைக்க அழுத்தமும் இறங்கியது. ரத்தக்கொதிப்பு இல்லாதவர்களுக்கும் இறங்கியது.

இளம்பெண்களுக்கு ரத்த அழுத்தம் பொதுவாக அதே வயது ஆண்களைவிடக் குறைவு. ஆபத்தே அங்கேதான்: யாரும் அளந்து பார்ப்பதில்லை. ஏறினாலும் பெரும்பாலும் அறிகுறி தெரியாது. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சிலருக்கு அதை இன்னும் ஏற்றும். கருத்தரிக்கும் முன்பே கொதிப்பு இருந்தால், தாயையும் சிசுவையும் பாதிக்கும் முன்சூல்வலிப்பு வர வாய்ப்பு கூடுகிறது.

நாக்கைத் திருத்த முடியும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் இரண்டு மூன்று மாதங்களில் குறைந்த உப்பே போதும் என்றாகிவிடும். முதல் சில வாரம் சப்பென்றுதான் இருக்கும். எலுமிச்சையும் மிளகும் கைகொடுக்கும்.

காய்ச்சலுக்கு ஆரம்ப சுகாதார நிலையம் போனாலும் சரி, "எனக்கு பிரஷரும் பாருங்க" என்று கேளுங்கள். எண்ணை எழுதி வையுங்கள். அது 140/90-ஐத் தொட்டால், வயது இருபதுதானே என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.