எல்லை காக்கும் பெயர்கள்

கோயிற் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளை நோக்குவோர் பெரும்பாலும் மன்னர் பெயரையும் ஆட்சியாண்டையுமே தேடுவர். அவற்றையடுத்து வரும் நான்கெல்லைப் பகுதியைக் கடந்து செல்வர். இறைவனுக்கு நிலம் அளித்த முன்னோர், கிழக்கே இன்ன வாய்க்கால், தெற்கே இன்ன குளக்கரை, மேற்கே இன்ன பெருவழி, வடக்கே இன்ன மேடு என எல்லை வகுத்து எழுதி வைத்தனர். சொற்களால் அமைந்த நிலப்படம் அது.

சோழர் காலத்தில் பெண்யானையை நடத்தி எல்லை சுற்றிவந்து, கல்லும் கள்ளியும் நட்டமையைச் செப்பேடுகள் கூறும். சிவன்கோயில் நிலத்திற்குச் சூலம் பொறித்த கல்லும், திருமால்கோயில் நிலத்திற்குத் திருவாழி பொறித்த கல்லும் எல்லையாக நாட்டப்பெற்றன. கல் பெயர்ந்துவிடினும், இடத்தின் பெயர் நிலைத்திருப்பின் எல்லையை மீண்டும் அறியலாம்.

நகரத்தார் கோயில்கள் ஒன்பதனுள் ஒன்றாகிய பிள்ளையார்பட்டிக்கு எக்காட்டூர், மருதங்குடி, திருவீங்கைக்குடி, இராசநாராயணபுரம் எனப் பல பெயர்கள் வழங்கியுள்ளன. இன்று ஊர் கற்பக விநாயகரால் பெயர் பெற்று விளங்குகிறது. எனினும், மருதீசர் என்னும் இறைவன் திருப்பெயரிலும் தலமரமாகிய மருதமரத்திலும் பழைய மருதங்குடி இன்றும் வாழ்கிறது.

பிற்கால நில அளவைக்கும் கோயில்கள் துணைநின்றன. 1802ஆம் ஆண்டு சென்னையில் வில்லியம் லாம்டன் தொடங்கிய பெரும் அளவையில், குன்றுகள் இல்லாத சமவெளிகளில் கோபுரங்களே அளவை நிலைகளாயின. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின்மேல் ஏற்றும்போது அவருடைய பெரிய கோணமானி மோதிச் சேதமுற்றது. அதனை அவரே செப்பனிட்டுப் பணியைத் தொடர்ந்தார். தூரத்தையும் கோணத்தையும் கருவி காட்டும். குளத்தின் பெயரையும் மேட்டின் பெயரையும் ஊராரே சொல்லவேண்டும்.

செட்டிநாட்டு ஊர்ப்பெயர்கள் பல, நிலத்தின் இயல்பை உரைப்பன. குன்றக்குடி குன்றையும், பள்ளத்தூர் தாழ்நிலத்தையும், இலுப்பைக்குடி மரத்தையும், புதுவயல் உழவையும் நினைவூட்டுகின்றன. வற்றாத ஆறு இல்லாத இந்நாட்டில் மழைநீரைத் தேக்கியே மக்கள் வாழ்ந்தனர். ஆதலின் குடிநீர்க்கு ஊருணி, பாசனத்திற்குக் கண்மாய், சிறு நீர்நிலைக்கு ஏந்தல் என நுட்பமாகப் பெயரிட்டு வழங்கினர்.

இன்று நிலங்கள் சர்வே எண்ணால் அறியப்படுகின்றன. எண் இன்றியமையாதது, ஆயினும் மறுஅளவையில் அது மாறக்கூடும். பழைய சாசனத்தில் ஓர் ஊருணிக்குத் தெற்கே கோயில் நிலம் என்றிருக்க, அவ்வூருணி தூர்ந்து, அதன் பெயரை அறிந்த முதியோரும் மறைந்துவிட்டால், சாசனம் இருந்தும் நிலத்தைக் காட்ட இயலாது. அந்நிலத்தின் வருவாயால் எரிந்த விளக்கும் அணைந்துபோகும்.

ஆதலால் அன்பர்கள் தத்தம் ஊர் முதியோரிடம் கேட்டு, கண்மாய், மடை, கரை, திடல், பொட்டல், தோப்பு, எல்லைக்கல் ஆகியவற்றின் பெயர்களை எழுதுதல் நன்று. மக்கள் ஒலிக்கும் வடிவத்தைத் திருத்தாமல் முதலில் எழுதுக. இலக்கிய வடிவம் தெரியின் அருகே குறிக்க. திசையையும், அடுத்துள்ள இடத்தையும், கேட்டறிந்த நாளையும் சேர்க்க. அக்குறிப்பின் படி ஒன்று கோயிலிலும் இருத்தல் வேண்டும்.

திருவிளக்கிற்கு நெய்யிடுதல் போல, திருவிளக்கிற்கு விட்ட நிலத்தின் பெயரைக் காத்தலும் இறைபணியே ஆகும்.