தீபாவளி மழையில் நடுங்கள், தைப்பூச வெயிலில் காப்பாற்றுங்கள்

"தம்பி, சம்பளம், லீவு, போனஸ்னு எல்லாம் பேசுறீங்க. இந்த அணிலுக்கு ஒரு வழி சொல்லுங்க பாப்போம்!"

சென்ற மாதம் ஜாசின் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்குச் சங்க வேலையாகப் போயிருந்தேன். அங்கே லயத்து வீட்டுப் பின்புறத்தில் ஓர் ஆயா என்னை நிறுத்தி வைத்துக் கேட்ட கேள்வி இது. வயது எழுபதைத் தாண்டியிருக்கும். முப்பது வருடம் பால் வெட்டிய கை. வீட்டுக்குப் பின்னால் நிற்கும் கிழட்டுப் பால்மரங்களின் நிழலில், போன மார்கழியில் லெங்குவாஸ், மஞ்சள், பூங்கா கந்தான் என்று கிழங்கு வாங்கி நட்டிருக்கிறார். பாதியை அணில் நோண்டி வெளியே போட்டுவிட்டது. மீதி தைப்பூசத்து வெயிலில் கருகிப் போயிற்று.

"நெழலுல தானே ஆயா நட்டீங்க?" என்று கேட்டேன்.

"நெழலு எங்க தம்பி இருந்துச்சி? மரம்தான் எல்லா எலையையும் கொட்டிருச்சே!" என்றார்.

தோழர்களே, இந்த ஒரு வார்த்தையில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. சங்கப் பேச்சை ஒரு வாரம் ஒதுக்கி வைத்துவிட்டு, ஆயாவுக்குக் கொடுத்த வாக்குப்படி இந்த வாரம் செடியைப் பற்றிப் பேசுவோம். பேச்சு முடிவதற்குள் சங்கம் தானாக வந்து சேரும், பாருங்கள்.

நிழலும் நம்மைக் கைவிடும்

"நிழலின் அருமை வெயிலில் தெரியும்" என்பார்கள் பெரியவர்கள். பால்மரத்து நிழலைப் பொறுத்தவரை இது முழு உண்மை. நம் பக்கத்தில் ஆண்டுத் தொடக்கத்தில், ஏறக்குறைய ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை, பால்மரம் இலை உதிர்க்கும். மலாக்காவில் மழை குறைந்து வெயில் ஏறுவதும் ஜனவரி, பிப்ரவரியில்தான். ஆக, செடிக்கு நிழல் அதிகமாக வேண்டிய நேரத்தில்தான் தலைக்கு மேல் ஓர் இலைகூட இருக்காது.

அதே காலத்தில் பாலும் குறையும். கூடுதல் பாலுக்கு வரும் காசும் குறையும். வீட்டில் கை கடிக்கும் மாதங்கள் அவை. பின்கட்டில் நாலு கொத்து லெங்குவாஸும் மஞ்சள் இலையும் நின்றால், அந்த மாதங்களில் பசாருக்குக் கொண்டுபோக ஏதோ ஒன்று இருக்கும். செடியைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்வது பொழுதுபோக்குக்காக அல்ல.

1991-ஆம் ஆண்டை மறந்துவிட முடியுமா? டுரியான் துங்கால் அணை வற்றி, மலாக்கா பட்டணமே தண்ணீருக்கு வரிசையில் நின்ற ஆண்டு அது. அப்போது நான் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். பள்ளி விட்டு வந்ததும் எனக்கும் என் அக்காளுக்கும் கிணற்றுத் தண்ணீர் தூக்குவதுதான் வேலை. என் அம்மா அதற்கு முந்தைய மார்கழியில் முப்பது வெற்றிலைக் கொடி நட்டிருந்தார். குடிக்கத் தண்ணீர் இல்லாதபோது கொடிக்கு யார் ஊற்றுவது? குளிக்கும் இடத்துச் சாக்கடை ஓரமாக நின்ற நான்கு கொடி மட்டும் பிழைத்தது. "ரெண்டு மாசம் முந்தி நட்டிருந்தா வேரு புடிச்சிருக்கும்டா" என்று அம்மா வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மா சொன்னதுதான் இன்றைய பாடம். நிழல் செடிக்கு முதல் கோடைதான் கண்டம். அதைத் தாண்டிவிட்டால் பல ஆண்டுக்குச் சோறு போடும்.

எப்போது நடுவது?

ஊரில் "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பார்கள். அது தமிழ்நாட்டு மழைக்குச் சொன்னது. நமக்குப் பட்டம் வேறு. மலாக்காவில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் நல்ல மழை. புரட்டாசிக் கடைசியில் தொடங்கி, தீபாவளிக்குள் நட்டு முடித்துவிடுங்கள். தைப்பூசம் வருவதற்குள் மூன்று மாதம் கிடைக்கும். அதற்குள் வேர் கீழே இறங்கிவிடும். மார்கழியில் நட்டால் வேர் மேலேயே நிற்கும்போது வெயில் வந்துவிடும். தீபாவளியைத் தவறவிட்டவர்கள், சித்திரை மழைக்குக் காத்திருப்பதே மேல்.

எதை நடுவது?

பாதி நிழலில் நின்று, ஒரு தடவை நட்டால் ஆண்டுக்கணக்கில் கொடுப்பவை பல உண்டு. லெங்குவாஸ், மஞ்சள், பண்டான், டாவுன் கடோக் எல்லாம் இந்த வகை. கொடிக்காலுக்கு முருங்கையோ கிளிரிசிடியாவோ நட்டு வெற்றிலை ஏற்றலாம். இவற்றோடு பூங்கா கந்தானை மறக்க வேண்டாம். மலாக்கா என்றாலே அசாம் பெடாஸ்தானே! அந்த மீன் குழம்பிலும் லக்சாவிலும் போடும் இளஞ்சிவப்பு மொட்டு இதுதான். பூக்க ஓர் ஆண்டுக்கு மேலும் ஆகலாம். பிறகு அடி அடியாகப் பக்கக் கன்று விட்டுப் புதராகிவிடும். இடம் தாராளமாக விடுங்கள், ஆள் உயரத்துக்கு மேல் வளரும்.

வேர் பிடிக்க வைப்பது எப்படி?

கிழங்கை நேராக மரத்தடியில் புதைக்காதீர்கள். முதலில் பாலித்தீன் பையிலோ பழைய எண்ணெய் டின்னிலோ நட்டு, குசினி வாசலில், கண் பார்வையில் வையுங்கள். இரண்டு மூன்று இலை விட்டு, வேர் பையைப் பிடித்த பிறகு மண்ணுக்கு மாற்றுங்கள். இதற்கு ஆறு வாரமாவது பிடிக்கும். ஆகவே பை வேலையை முன்கூட்டியே தொடங்குங்கள். தாமதமானால் கார்த்திகை முதல் வாரத்துக்குள்ளாவது மண்ணில் இறக்கிவிடுங்கள்.

நிழல் தரும் மரமே தண்ணீரையும் குடிக்கும் என்பதை மறக்க வேண்டாம். அடிமரத்தை ஒட்டி நடாமல் ஐந்தாறு அடி தள்ளி நடுங்கள். குழியை அகலமாகத் தோண்டி, குறுக்கே ஓடும் சிறு வேர்களை வெட்டி எடுத்துவிட்டு, மக்கிய இலையும் பழைய சாணமும் போட்டு நிரப்புங்கள். செம்பனைக்கு அடியில், மருந்து அடிக்கும் வட்டத்துக்குள் எதையும் நடவே கூடாது. அந்த இலை உங்கள் குழம்புக்கு வரப்போகிறது.

உதிர்ந்த இலையைக் கூட்டி எரிக்காதீர்கள், தாய்மார்களே! அதுதான் செடிக்குப் போர்வை. நாலு விரல் கனத்துக்குப் பரப்பி, தண்டை மட்டும் ஒட்டாமல் விடுங்கள். மேலே நாலு கம்பு நட்டு, செம்பனை மட்டையோ தென்னங்கீற்றோ போட்டு ஒரு சின்னப் பந்தல் கட்டுங்கள். மரம் மறுபடி துளிர்க்கும் வரை அதுதான் நிழல்.

தண்ணீரைத் தினம் ஒரு குவளை தெளிப்பதால் மேல் மண்தான் நனையும், வேரும் மேலேயே சுற்றும். நட்ட முதல் இரண்டு வாரம் தினமும் ஊற்றுங்கள். பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை, சாயங்காலத்தில், அரை வாளியை மெதுவாக ஊற்றினால் கீழே இறங்கும்.

இன்னும் சிக்கனமான வழி ஒன்று உண்டு. பொங்கல் முடிந்து மூலையில் கிடக்கும் பானையை எடுங்கள். சாயம் பூசாத வெறும் மண்பானையாக இருக்க வேண்டும். நன்றாகத் தேய்த்துக் கழுவி, செடிக்கு ஓர் அடி தூரத்தில், கழுத்து மட்டும் தெரியும்படி புதைத்துத் தண்ணீரை நிரப்புங்கள். நீர் பானையின் ஓட்டில் மெதுவாகக் கசிந்து வேருக்கே போய்ச் சேரும். வேர் நசுங்காமல் இருக்க, குழி தோண்டும்போதே முதல் வருடத்துப் பானையைப் புதைத்துவிடுவது நல்லது. ஆனால் மூடி கட்டாயம் வேண்டும். திறந்து கிடந்தால் ஏடிஸ் கொசு முட்டையிடும். டிங்கிக் காய்ச்சலும் வரும், சுகாதார அதிகாரி எழுதும் அபராதமும் வரும்.

இன்னொன்று. லயத்துப் பின்பக்கம் கிடக்கும் பழைய மருந்து தோங்கை எடுத்துத் தண்ணீர் சுமக்காதீர்கள். பாராகுவாட் மருந்துக்கு நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை. ஆனாலும் அதன் பழைய தோங்குகளை இன்னும் வீடுகளில் பார்க்கிறேன். எத்தனை தடவை கழுவினாலும் அது மருந்து தோங்குதான்.

அணிலை என்ன செய்வது?

"ராமர் தடவிக் கொடுத்த அணிலு தம்பி, அடிக்க மனசு வரல" என்றார் ஆயா. ராமர் தடவிய முதுகில் மூன்று கோடு இருக்க வேண்டும். நம் பால்மரத்தில் ஓடுகிறவனுக்கு முதுகில் கோடே கிடையாது. விலாப்பக்கம் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு, வயிறு செங்காவி. இவன் மலாயாக்காரன்! எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் அடிப்பதால் பயனில்லை. ஒன்றை விரட்டினால் அடுத்த மரத்திலிருந்து இன்னொன்று வரும்.

முதலில், குற்றவாளி அணில்தானா என்று பாருங்கள். அணில் பகலில் வேலை செய்யும். காலையிலும் சாயங்காலத்திலும் அதிகம். இரவில் தோண்டியிருந்தால் அது எலி, பெருச்சாளி அல்லது முள்ளம்பன்றி.

அணில் பெரும்பாலும் கிழங்குக்காகத் தோண்டுவதில்லை. புதிதாகக் கிளறிய மண்ணைக் கண்டால், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும். ஆகவே நட்டதும் மண்ணைக் காலால் இறுக்கி மிதித்துவிடுங்கள். தேங்காய்ப்பூ, கடலைப் பிண்ணாக்கு, பழத்தோல் எதையும் பச்சையாகக் குழியில் போடாதீர்கள். அது அணிலுக்கு அழைப்பிதழ் வைப்பது போல. கோழிக்கூட்டுக்குப் போடும் சிறு கண் கம்பிவலையை மண்மேல் படுக்கவைத்து, ஓரத்தில் கல் வைத்துவிடுங்கள். துளிர் வலைக்கு வெளியே வந்து தண்டு தடிப்பதற்கு முன் வலையை எடுத்துவிடலாம். வலைக்குக் காசு இல்லையா? எலுமிச்சை முள்ளையும் செம்பனை மட்டையின் முள்ளடியையும் சுற்றிப் போடுங்கள். வேர் பிடித்த கன்றை அணில் பிடுங்குவது அபூர்வம். பையில் வளர்த்து நடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

எலி விஷம் மட்டும் வேண்டாம். பிள்ளை, கோழி, நாய் எல்லாம் ஓடும் இடம். விஷம் தின்ற எலியைத் தின்று ஆந்தையும் சாகும். செம்பனைத் தோட்டங்களில் எலியைப் பிடிக்கத்தான் ஆந்தைக்குப் பெட்டி வைத்து வளர்க்கிறார்கள். கூலியில்லாமல் வேலை செய்யும் அந்தத் தோழனை நாமே கொல்லலாமா?

கடிதம் எங்கே?

இனித்தான் சங்கம் வருகிறது. அணிலையும் வெயிலையும் ஜெயித்துவிடலாம். மூன்றாவது ஆபத்து ஒன்று உண்டு.

சில வருடத்துக்கு முன் அலோர் காஜா பக்கம் ஒரு தோட்டத்தில், வேலை ஓய்ந்த ஓர் அம்மா லயத்துக்குப் பின்னால் கொக்கோவும் கந்தானும் வைத்து நாலு வருடம் வளர்த்திருந்தார். மறுநடவுக்கு நிலம் திருத்த இயந்திரம் வந்தது. ஒரே காலையில் எல்லாம் போயிற்று. நான்தான் பேசப் போனேன். "யாரு அனுமதி குடுத்தா? பேப்பர் இருக்கா?" என்று கேட்டார்கள். பேப்பர் இல்லை. "நட்டுக்கம்மா" என்று வாயால் சொன்ன பழைய கிராணி எப்போதோ மாறிப் போய்விட்டார். அந்த அம்மாவுக்கு ஒரு வெள்ளிகூட என்னால் வாங்கித் தர முடியவில்லை. இன்றைக்கும் அந்த வழியே போனால் எனக்குத் தலை நிமிர்வதில்லை.

வெள்ளைக்காரன் காலத்துக் கூட்டரசு மலாய் மாநிலங்களின் தொழிற்சட்டத்திலேயே, குடும்பமுள்ள தொழிலாளிக்குப் பயிர் வைக்க ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. தோட்டத்துத் தொழிலாளி சம்பளத்தை மட்டும் நம்பி வாழ முடியாது என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது. ஆகவே நட இடம் கேட்பதைப் பிச்சையாக யாரும் நினைக்க வேண்டாம்.

நடுவதற்கு முன், தோட்டக் கமிட்டி மூலம் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எந்த இடம், எவ்வளவு, என்ன செடி என்று குறிப்பிட்டு, நிலம் தேவைப்பட்டால் மூன்று மாதம் முன்னறிவிப்பு வேண்டும் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி, நகலைச் சங்கத்தில் கொடுத்து வையுங்கள். தனியாக ஒருவர் கேட்டால் தட்டிக் கழிப்பார்கள். லயமே சேர்ந்து கேட்டால் பதில் வரும்.

பதில் வராத இடத்தில் என்ன செய்வது? கிழங்குச் செடியை மட்டும் நடுங்கள். லெங்குவாஸ், மஞ்சள், கந்தான், பண்டான் எல்லாம் பெயர்த்து எடுத்துப் போகக் கூடியவை. கொக்கோ அப்படி அல்ல. 2024-இல் உலகச் சந்தையில் கொக்கோ டன்னுக்கு 12,000 அமெரிக்க டாலரைத் தாண்டியதும், பல தோழர்கள் கன்று கேட்டு என்னிடம் வந்தார்கள். அதற்குப் பிறகு விலை இறங்கியும் விட்டது. கொக்கோ காய்க்கவே இரண்டு முதல் நாலு வருடம் ஆகும். காய்த்தால் அணிலுக்குத்தான் முதல் பங்கு. பழுத்த காயை வாரம் தவறாமல் பறித்தால்தான் நமக்கு மிஞ்சும். அதைச் சொந்த மண்ணிலோ கடிதம் உள்ள மண்ணிலோ மட்டும் வையுங்கள்.

ஆயாவிடம் திரும்பிப் போனேன். பத்துப் பையில் கிழங்கு நட்டு குசினி வாசலில் வரிசையாக வைத்திருக்கிறார். கம்பிவலையும் வாங்கியாகிவிட்டது. "கடுதாசி எங்க ஆயா?" என்றேன். பேரனைக் கூப்பிட்டு, பள்ளிக்கூட நோட்டில் எழுதிய தாளைக் காட்டினார். கீழே பதினொரு வீட்டுக்காரர்கள் கையெழுத்து. நிர்வாகத்திடம் நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

உங்கள் லயத்துக் கடிதம் எங்கே, தோழர்களே? மழை வரப்போகிறது.