சமையல் மேடையில் சூடு பட்டால்



லயத்து வீட்டில் விறகடுப்பும் சிமெண்டு மேடையும் இருந்தவரை, கொதிக்கும் சட்டியை எங்கே இறக்கினாலும் கவலையில்லை. தோட்டத்தை விட்டு ஈப்போ, சுங்கை சிப்புட் பக்கம் குடியேறிய வீடுகள் பலவற்றில் இன்று பலகைமேல் பார்மைக்கா ஒட்டிய மேடை இருக்கிறது. அதில் சூடு பட்டால் சேதம்தான். ஆனால் எல்லாச் சேதத்துக்கும் மேடையை மாற்றிப் பணத்தைச் செலவழிக்க வேண்டியதில்லை. கெட்டது தகடா, பசையா என்று முதலில் பாருங்கள்.

பார்மைக்கா என்பது 1913இல் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனத்தின் பெயர். மின்கருவிகளில் மைக்காவுக்குப் பதிலாக வந்ததால் அப்பெயர். பிசினில் ஊறிய காகிதங்களை அடுக்கி, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிய தகடு அது. கொதிநீரின் சூடு 100 பாகை. அதைச் சிறிது நேரம் தாங்கும். பலகாரம் பொரிக்கும் எண்ணெய் 180 பாகைவரை போகும். அந்தச் சட்டியைத் தாங்காது.

தகட்டைப் பலகையோடு பிடித்திருப்பது பெரும்பாலும் செயற்கை ரப்பர்ப் பசை. நாம் வெட்டிய பால்மரத்து ரப்பருக்கு அது உறவு, சூட்டில் இளகும்.

நிறம் மாறாமல் தகடு உப்பியிருந்தால், இளகியது பசை மட்டுமே. அங்கே துணியை மடித்துப் போட்டு, இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் நிறுத்தாமல் நகர்த்துங்கள். தகடு நன்றாகச் சூடேறியதும், தட்டையான பலகையை வைத்து, அதன்மேல் அம்மிக்குழவி போன்ற பாரத்தை ஏற்றி, ஓரிரவு விடுங்கள். பசையில் வலு மிச்சமிருந்தால் பிடித்துக்கொள்ளும்.

ஓரம் பெயர்ந்திருந்தால் பழைய பசையைச் சுரண்டி, இருபுறமும் புதுப்பசை பூசி, விரலில் ஒட்டாத பதம் வந்தபின் அழுத்துங்கள். எச்சரிக்கை! அப்பசையின் ஆவி சட்டெனத் தீப்பற்றும். எரிவாயுத் தோம்பை மூடி, சாமி விளக்கு, ஊதுபத்தி, கொசுவர்த்தி எல்லாவற்றையும் அணைத்து, சன்னல்களைத் திறந்து, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டே டப்பாவைத் திறக்க வேண்டும்.

பழுப்புத் தழும்பாக இருந்தால், சமையல் சோடாவை நீரில் குழைத்து மெல்லிய துணியால் தேயுங்கள். வெறும் எண்ணெய்க் கறையானால் போய்விடும். போகாவிட்டால் தகடே கருகிவிட்டது என்று பொருள். உப்புத்தாள் போடாதீர்கள். மேல்தாள் மிக மெல்லியது. அது தேய்ந்தால் நீர் இறங்கிப் பலகை ஊறிவிடும். அவ்விடத்தில் ஒரு பீங்கான் ஓட்டை ஒட்டி மூடுங்கள்.

சேதம் வருமுன்னே அடுப்புக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டையோ மரப்பலகையையோ வைத்து, சட்டியை அதன்மேல் இறக்குவது எல்லாவற்றிலும் நல்லது.