மண் வைத்த பந்தி

ஷாத்தோ ஷாலோன் ஒரு சின்னஞ்சிறு ஊர். கிழக்கு பிரான்ஸில், சுவிட்சர்லாந்து எல்லைக்குச் சற்று இப்பால், செங்குத்தான சுண்ணாம்புப் பாறையின் விளிம்பில் இருக்கிறது. அந்த விளிம்பிலிருந்து சுற்றிப் பார்க்கிறவரின் கண் போகும் திசைகளிலேயே ஒரு முழுச் சாப்பாட்டுக்கு வேண்டியதெல்லாம் விளைகிறது. காலடிச் சரிவு முழுக்கத் திராட்சைக் கொடி. முதுகுப்பக்கம் மேட்டுநிலத்தில் பசுக்கள் மேயும் புல்வெளி. அவற்றின் பால்தான் கோம்தே என்ற சீஸ் ஆகிறது. நடுநடுவே காடு, வசந்தம் வந்தால் அங்கே மோரெல் காளான் தலைகாட்டும். மேற்கே தாழ்ந்து விரிந்திருப்பது ப்ரெஸ் சமவெளி. பிரான்ஸிலேயே பேர்போன கோழி அங்கே வளர்கிறது. நிலத்துக்கு அடியில் உப்பு.

எந்த ஒயினோடு எதைச் சாப்பிடலாம் என்பதற்கு எழுதி வைத்த விதிகள் ஏராளம். மீனுக்கு வெள்ளை, ஆட்டிறைச்சிக்குச் சிவப்பு என்று மனப்பாடம் செய்யச் சொல்லும் அந்தப் பட்டியல்களில் எனக்கு நம்பிக்கை வந்ததில்லை. இந்த ஊர் அமைந்த ஜுரா மலை வட்டாரத்தில் அந்தக் கேள்விக்கு நிலமே பதில் வைத்திருக்கிறது. ஒரே சரிவின் மேலும் கீழும் விளைந்தவை ஒரே மேசைக்கு வந்து சேர்ந்து, தலைமுறை தலைமுறையாக ஒன்றுக்கொன்று பழகிப்போயிருக்கின்றன. அதனால் இங்கே மண்ணிலிருந்து தொடங்குவதுதான் முறை.

டைனோசர் படங்களால் உலகமே அறிந்த ஜுராசிக் என்ற பெயர் இந்த மலைத்தொடர் தந்தது. அலெக்சாண்டர் ஃபான் ஹும்போல்ட் 1790-களில் இம்மலையின் சுண்ணாம்புப் பாறையைத் தனியொரு அடுக்காக அடையாளம் கண்டார். பிறகு பூமியின் வரலாற்றில் ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய ஒரு யுகத்துக்கே அந்தப் பெயர் நிலைத்தது. அப்போது இந்த இடம் வெதுவெதுப்பான, ஆழமில்லாத கடல். அடியில் களிமண்ணும் அதன்மேல் சுண்ணாம்பும் அடுக்கடுக்காகப் படிந்தன. வெகுகாலம் கழித்து ஆல்ப்ஸ் மலை எழும்பியபோது அதன் தள்ளலில் ஜுரா மடிந்து, மேற்கே நகர்ந்து, ப்ரெஸ் சமவெளியின் ஓரத்தின்மீதே ஏறி நின்றுவிட்டது. அந்த இடிபாட்டில் அடுக்குகள் உடைந்து, மேலே இருந்த சுண்ணாம்பு பாறைவிளிம்பாக நிற்க, கீழே புதைந்திருந்த களி சரிவில் வெளிப்பட்டது.

அந்தக் களியை உள்ளூரில் மார்ன் என்கிறார்கள். களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்தது. ஜுராசிக் யுகத் தொடக்கத்தில் படிந்தது நீலச் சாம்பல் நிறம். சில இடங்களில் கறுப்பே. அதற்கும் முந்தைய ட்ரயாசிக் காலத்தது சிவப்பும் பச்சையும் ஊதாவுமாக வரிவரியாகத் தெரியும். மழையில் காலில் அப்பிக்கொள்ளும், வெயிலில் ஏடு ஏடாக உதிரும். ஈரத்தை விடாமல் பிடித்து வைக்கும், மெதுவாகத்தான் சூடேறும். சமவெளிக்கு அப்பால், கண்ணுக்கு நேர் எதிரே இருக்கும் பர்கண்டியிலும் இதே இரண்டு சரக்குகள்தான். ஆனால் அங்கே சுண்ணாம்பு மிகுதி, களி குறைவு, இங்கே தலைகீழ். இரண்டு வட்டாரத்திலும் ஷார்தொனே என்ற வெள்ளைத் திராட்சை பயிராகிறது. ஆனால் சுவையில் ஒன்றை மற்றொன்றாக எண்ணி ஏமாறுவது கடினம்.

இந்தச் சரிவு வடக்கே சாலான்-லே-பானிலிருந்து தெற்கே சாந்த்-அமூர் வரை சுமார் 80 கிலோமீட்டர் நீள்கிறது. அதில் திராட்சை விளையும் பரப்பு இன்று ஏறக்குறைய 2,000 ஹெக்டேர். லெத்துவால் என்ற ஊரின் தோட்டங்களில் மண்ணைக் கிளறினால் பொத்தான் அளவில் ஐந்துமுனை நட்சத்திரங்கள் கிடைக்கும். கடல் அல்லி எனப்படும் உயிரினத்தின் தண்டுத் துண்டுகள் கல்லாகிப்போனவை அவை. சாலானில் பழங்கடல் விட்டுப்போன உப்பு. ட்ரயாசிக் அடுக்கிலிருந்து உப்புநீரை இறைத்து, காய்ச்சி, 1962 வரை உப்பு எடுத்தார்கள். அந்த உப்பாலை இப்போது யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். சீஸைக் கெடாமல் காக்க உப்பு வேண்டும் என்பதால் சாப்பாட்டுக் கதையில் அதற்கும் இடமுண்டு.

ஜுராவில் அனுமதிக்கப்பட்ட முக்கியத் திராட்சை வகைகள் ஐந்து. ஷார்தொனேயும் பினோ நுவாரும் உலகெங்கும் உள்ளவை. ட்ரூசோ வெப்பம் கேட்கும் சிவப்பு வகை. குளிர்ந்த களியில் அது சரியாகப் பழுக்காது. சரளைக்கல் கலந்து, வெயில் விழும் இடமாகப் பார்த்து வைக்கிறார்கள். ஆர்புவா நகருக்குப் பக்கத்து மோன்தினி-லே-ஆர்சூர் அதற்குப் பெயர்பெற்ற ஊர்.

புல்சார் எனக்கு மிகப் பிடித்தது. தோல் அவ்வளவு மெல்லியது. அதனால் சிவப்பு ஒயின் என்று சொல்லிக் கொடுத்தாலும் கோப்பையில் ரோஜா நிறத்துக்கும் வெங்காயத்தோல் நிறத்துக்கும் இடைப்பட்ட ஒன்றுதான் தெரியும். வண்ணத்தைப் பார்த்து மட்டமாக நினைப்பவர்கள் உண்டு. அது பெரிய இழப்பு. புளிப்பான சிவந்த பழங்களின் சுவை, லேசான மண் வாசம், தொண்டையில் இறங்கும் சுளுவு. பூப்பியான் ஊர்க்காரர்கள் தங்கள் ஊரை இந்தத் திராட்சையின் தலைநகரம் என்று பெருமையோடு எழுதிவைத்திருக்கிறார்கள். ஜுராவில் விருந்து பரிமாறும்போது முதலில் சிவப்பு, பிறகுதான் வெள்ளை. பிற வட்டாரங்களின் வழக்கத்துக்கு இது நேர் எதிர். காரணம் எளிது: இங்கே சிவப்பு மென்மையானது, வெள்ளைதான் வல்லமை உள்ளது.

அந்த வல்லமையின் பெயர் சவான்யான். தடித்த தோல், சின்னக் காய், கூர்மையான புளிப்பு. மற்றவை அறுவடையாகி வீட்டுக்கு வந்த பிறகும் கொடியிலேயே நிற்கும். பல ஆண்டுகளில் அக்டோபர் கடைசிவரை கூட. நீலச் சாம்பல் களி இதற்கு ஏற்ற இடம். மரபணு ஆய்வுகளின்படி ஐரோப்பாவின் மிகப் பழைய வகைகளில் இது ஒன்று. அல்சாஸின் நறுமணம் மிக்க கெவுர்ட்ஸ்ட்ராமினர் இதிலிருந்து பிறழ்ந்து பிறந்ததுதான்.

சவான்யானிலிருந்து வான் ஜோன் என்ற மஞ்சள் ஒயின் செய்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒயின் முறைகளிலேயே இதற்குத்தான் துணிச்சல் அதிகம். சாதாரணமாக ஒயின் செய்பவர் காற்றைக் கண்டு அஞ்சுவார். பீப்பாயில் இருக்கும் ஒயின் மரத்தின் வழியே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். அந்தக் குறையை அவ்வப்போது நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். இல்லையென்றால் காடியாகிவிடும். வான் ஜோன் செய்பவர் 228 லிட்டர் பழைய பீப்பாயில் ஊற்றிவிட்டு நிரப்பாமல் விடுகிறார். காலி இடத்தில் காற்று நிற்க, ஒயினின் மேற்பரப்பில் ஈஸ்ட் ஒரு மெல்லிய ஏடாகப் படர்கிறது. அந்த ஏடு உயிருள்ளது. ஆக்சிஜனையும் ஆல்கஹாலையும் அதுவே உண்டு, கீழே உள்ள ஒயினைக் காடியாகாமல் காக்கிறது. ஸ்பெயினின் ஷெரியிலும் இப்படிப்பட்ட ஏடு உண்டு. ஆனால் அங்கே வடித்த சாராயம் சேர்த்து வீரியத்தை ஏற்றுகிறார்கள், இங்கே எதுவும் சேர்ப்பதில்லை.

விதி இப்படிச் சொல்கிறது: அறுவடைக்குப் பின்வரும் ஆறாவது ஆண்டின் டிசம்பர் 15 வரை ஒயின் வயதாக வேண்டும், அதில் குறைந்தது 60 மாதம் ஏட்டின் கீழ் இருந்தாக வேண்டும். கோடையில் சூடும் பனிக்காலத்தில் குளிரும் மாறி மாறி வரும் இடத்தில்தான் ஏடு நன்றாக வளரும். அதற்காகவே சில பீப்பாய்களை மேல்மாடிப் பரணில் வைப்பார்கள். எல்லாப் பீப்பாயும் கரைசேர்வதில்லை. கெட்டுப்போகும் அறிகுறி தெரிந்தால் பாதியிலேயே எடுத்து வேறு ஒயினுக்குத் திருப்பிவிடுவார்கள். ஒரு லிட்டராக உள்ளே போனது சுமார் 62 சென்டிலிட்டராக வெளியே வருகிறது என்ற கணக்கில், கிளாவ்லான் என்ற குட்டையான தனிப்புட்டியும் அதே 62 சென்டிலிட்டர்தான்.

ஷாத்தோ ஷாலோன் பெயரில் வான் ஜோனைத் தவிர வேறு எதையும் விற்க முடியாது. அறுவடைக்கு முன் ஒரு குழு தோட்டங்களை நேரில் பார்க்கும். தரம் போதவில்லை என்றால் அந்த ஆண்டுக்கு அந்தப் பெயரே கிடையாது. 1974, 1980, 1984, 2001 ஆகிய ஆண்டுகளில் அப்படித்தான் ஆனது. ஓர் ஊரே தன் வருமானத்தைவிடத் தன் பெயரைப் பெரிதாக நினைத்த அந்த நான்கு ஆண்டுகள்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

ஏட்டின் கீழ் நடப்பது வெறும் மர்மமாகவே நின்றுவிடவில்லை. தோல் பதனிடுபவரின் மகனான லூயி பாஸ்டர் 1822-இல் தோல் (Dole) என்ற நகரில் பிறந்து, ஆர்புவாவில் வளர்ந்தவர். 1863-இல் மூன்றாம் நெப்போலியன் ஒயின் ஏன் கெடுகிறது என்று ஆராயச் சொன்னபோது, பாஸ்டர் சொந்த ஊருக்கே வந்து ஆய்வைத் தொடர்ந்தார். அதன் முடிவுகள் 1866-இல் நூலாயின. பின்னர் ஆர்புவாவுக்கு வெளியே ஒரு சிறு திராட்சைத் தோட்டத்தையே வாங்கினார். 1878-இல் அதில் சில கொடிகளைக் கண்ணாடிக் கூண்டுக்குள் அடைத்து, குலைகளைப் பஞ்சால் சுற்றி வைத்தார். அந்தப் பழங்களின் சாறு நொதிக்கவில்லை. நொதிக்கச் செய்யும் உயிர் வெளியிலிருந்துதான் பழத்தின்மேல் வந்து தங்குகிறது என்பது இந்த மண்ணில் நிரூபணமானது.

வான் ஜோனின் மணத்தில் வால்நட், உலர்ந்த ஆப்பிள், பிறகு நமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று: வெந்தயம். இது கற்பனையில் தோன்றும் சாயல் இல்லை. சோட்டலோன் என்ற மூலக்கூறு இந்த ஒயினில் ஆண்டுக்கணக்கில் உருவாகிறது. வெந்தய விதையின் மணத்துக்கும் அதே மூலக்கூறுதான் அடிப்படை. பிரெஞ்சு ஒயின் நிபுணர்கள் இந்த மணத்தைக் ‘கறி’ என்றே எழுதுவார்கள். வத்தக்குழம்புக்கு வெந்தயம் வறுத்துப் பழகிய மூக்கு, பாரிஸ் நிபுணரைவிட விரைவாக இதைக் கண்டுகொள்ளும் என்று உறுதியாகச் சொல்வேன். பிரான்ஸில் இந்திய மசாலா உணவோடு இதைப் பரிமாறுகிறவர்களும் உண்டு. என் கருத்தில் தேங்காய்ப்பால் ஊற்றிய, காரம் தணிந்த குழம்புக்குத்தான் இது ஒத்துவரும். 14, 15 சதவீத ஆல்கஹாலின் முன் மிளகாய்க் காரம் இன்னும் சுட்டுவிடும்.

ஆனால் அதன் பிறவித் துணை மேட்டுநிலத்திலிருந்து வருகிறது. கோம்தேயின் ஒரு சக்கரம் சுமார் 40 கிலோ. அதற்கு ஏறக்குறைய 400 லிட்டர் பச்சைப் பால் வேண்டும். ஒரு குடியானவரின் மாடுகள் ஒருநாளில் அவ்வளவு தராது. அதனால் நடுக்காலத்திலிருந்தே ஊரார் பாலை ஒன்றாகச் சேர்த்தார்கள். ஃப்ருய்த்தியேர் என்ற அந்தக் கூட்டுறவு முறை இன்றும் தொடர்கிறது. மோன்பெலியார், சிமென்டல் இன மாடுகளின் பால் மட்டும்; ஊறவைத்துப் புளித்த தீவனம் கூடாது; ஸ்ப்ரூஸ் பலகைமேல் குறைந்தது நான்கு மாதம் முதிர வேண்டும். ஒன்றரை, இரண்டு ஆண்டு முதிர்ந்த கோம்தேயில் வறுத்த கொட்டையின் மணம் எழும். பல்லில் சிறு படிகங்கள் நெறுநெறுக்கும். ஒரு துண்டு வாயில் இருக்கும்போது வான் ஜோனை ஒரு மிடறு பருகினால், இரண்டிலும் உள்ள வால்நட் சுவை ஒன்றையொன்று நீட்டித்துக்கொண்டே போகும். சீஸின் உப்பும் கொழுப்பும் ஒயினின் புளிப்பைத் தாங்கிக்கொள்கின்றன. ஒயினைப் பரிமாறுவதற்குச் சில மணி நேரம் முன்பே திறந்து, நிலவறைக் குளிரில், அதாவது 15 டிகிரி அளவில் வைத்துக்கொள்வது நல்லது. ஐஸில் வைத்தால் மணமெல்லாம் அடங்கிவிடும்.

அடுத்தது கோழி. ப்ரெஸ் கோழிக்கு 1957-இலேயே சட்டப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது: வெள்ளை இறகு, சிவப்புக் கொண்டை, நீலக் கால், திறந்த புல்வெளியில் வளர்ப்பு. வெண்ணெயில் வதக்கி, மோரெல் காளானும் பாலேடும் சேர்த்து, வான் ஜோன் ஊற்றி வேகவைப்பது இந்த வட்டாரத்தின் விருந்துச் சமையல். சிக்கனமான சமையல்காரர் சாதாரண சவான்யானில் வேகவைத்து, இறக்கும் நேரத்தில் மட்டும் ஒரு சிறு கோப்பை வான் ஜோன் சேர்ப்பார். அதுவே போதும், மணம் கொதியில் கரைந்துபோவதில்லை. பாலேட்டின் கொழுமையையும் காளானின் புகைவாசத்தையும் அந்தப் புளிப்பு நறுக்கென்று நிமிர்த்திவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். மலைவீட்டுப் புகைபோக்கியில் தொங்கவிட்டுப் புகையூட்டும் மோர்தோ தொத்திறைச்சிக்குப் புல்சார் அல்லது ட்ரூசோ. மரப்பட்டை வளையத்தோடு அடுப்பில் உருக்கி உண்ணும் மோன் தோர் சீஸுக்கு, பீப்பாயை நிரப்பிச் செய்த சவான்யானோ ஷார்தொனேயோ. ஏடில்லாத இந்தப் புதுப்பாங்கு வெள்ளைகளை மரபுக்கு விரோதம் என்று சொல்வோரும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. களியின் கூர்மை அவற்றில்தான் தெளிவாகத் தெரிகிறது. திராட்சையை வாரக்கணக்கில் உலர்த்திப் பிழியும் இனிப்பான வான் த பை கடைசியில் வரும், சாக்லேட்டோடு.

இவ்வளவும் ஒருமுறை அழிந்துபோக இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கே திராட்சைப் பரப்பு கிட்டத்தட்ட 20,000 ஹெக்டேர். ஃபைலோக்சரா என்ற வேர்ப்பூச்சி வந்ததும் பெரும்பகுதி போயிற்று. தப்பியவர்கள் மேட்டுநிலத்துப் பால்காரர்களின் வழியைப் பிடித்தார்கள். 1906-இல் ஆர்புவாவில் ஒயினுக்கும் ஒரு ஃப்ருய்த்தியேர் தொடங்கியது. 1936 மே மாதம் பிரான்ஸில் ஒயின்களுக்கு முதன்முதலாகப் புவிசார் பெயர்ப் பாதுகாப்பு அளிக்கப்பட்டபோது அந்தப் பட்டியலில் ஆர்புவாவும் இருந்தது.

இப்போதைய அச்சம் வசந்தகாலப் பனி. பனிக்காலம் கதகதப்பாகிவிட்டதால் கொடி முன்கூட்டியே துளிர்க்கிறது. துளிர்த்த பிறகு ஒரே இரவின் உறைபனி போதும். 2017, 2019, 2021 என அடுத்தடுத்து அடி விழுந்தது. 2021 ஏப்ரலில் விழுந்த பனி ஜுரா விளைச்சலின் பெரும்பகுதியை ஒரே வாரத்தில் கருக்கிவிட்டது. அன்று தப்பித்த குலைகளிலிருந்து வான் ஜோனுக்கென்று ஒதுக்கிய சொற்பப் பீப்பாய்கள் 2027 டிசம்பர் 15 வரை வயதாக வேண்டியவை. 2028 தொடக்கத்தில்தான் அவை விற்பனைக்கு வரும். எத்தனை பீப்பாய் தேறியது என்பது அப்போதுதான் தெரியும்.