நோட்டும் கையுமாக வரும் மாணவிக்கு என்ன பதில் சொல்வது?

தாராவியில் 90 அடி ரோட்டிலிருந்து பிரியும் சந்துகளில் எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் ஒதுங்கி நின்றால்தான் மற்றவர் போக முடியும். காலை பத்து மணி. ஆண்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. நிறைந்த குடங்கள் வாசலில் வரிசையாக இருக்கின்றன.

தோளில் துணிப்பை, கையில் நோட்டு. இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வாசலில் வந்து நிற்கிறாள்.

"யாரும்மா நீ? முனிசிபாலிட்டியில இருந்து வாறியா?"

"இல்லை அக்கா, காலேஜில் இருந்து வருகிறேன்." பேச்சில் மலையாள வாடை அடிக்கிறது.

"போன வருஷமும் ஒரு புள்ள வந்து எழுதிட்டுப் போச்சு. அதுக்கு முந்தியும் வந்தாவ. எழுதி என்னத்தக் கண்டோம்?"

மும்பையில் தமிழர்கள் கூட்டமாக வாழும் பகுதிகளில் ஆண்டுதோறும் பல வாசல்களில் நடக்கிற உரையாடல் இது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் எழுதிக்கொண்டு போனதால் நடந்தவையும் உண்டு. எழுதப்படாமல் விட்டுப்போனதால் வீடு இழந்தவர்களும் உண்டு. இரண்டையும் நம்மவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

யார் இவர்கள்?

இவர்கள் சமூகப் பணி படிப்பு படிக்கும் மாணவ மாணவிகள். டாக்டருக்குப் படிப்பவர் ஆஸ்பத்திரியில் பழகுவதுபோல, இவர்கள் குடிசைப் பகுதியிலும், ஆஸ்பத்திரியிலும், சிறுவர் இல்லங்களிலும், கோர்ட்டிலும், நகராட்சி அலுவலகத்திலும் பழக வேண்டும். இதற்குக் களப்பணி என்று பெயர். பொதுவாக வாரத்தில் இரண்டு நாள் களத்தில் இருக்க வேண்டும். கண்டதையும் கேட்டதையும் அறிக்கையாக எழுதி ஆசிரியரிடம் கொடுக்க வேண்டும். அவர் குறுக்குக் கேள்வி கேட்டுத் திருத்துவார். களப்பணியில் தேறாமல் பட்டம் கிடையாது.

இந்தியாவில் இப்படிப்பு முதன்முதலில் தொடங்கியது மும்பையில்தான். 1936-ம் ஆண்டு நாக்பாடாவில், சர் தொராப்ஜி டாட்டா பெயரில் சமூகப் பணிப் பள்ளி தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவர் கிளிபோர்டு மான்ஷார்ட் என்ற அமெரிக்கர். சுற்றிலும் மில் தொழிலாளர்களும் ஏழைகளும் வாழ்ந்த பகுதி அது. மாணவர்கள் வாசலைத் தாண்டினால் களம். 1944-ல் அது டாட்டா சமூக விஞ்ஞானக் கழகம் என்று பெயர் மாறியது. 1954-ல் தேவ்னாருக்குக் குடிபெயர்ந்தது. 1964-ல் பல்கலைக்கழக அந்தஸ்து பெற்றது.

மும்பையிலேயே நிர்மலா நிகேதன் சமூகப் பணிக் கல்லூரி 1955-ல் தொடங்கியது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1952-ல், மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் முயற்சியால் சென்னை சமூகப் பணிப் பள்ளி உருவாகிவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

கணக்கில் வந்தவருக்கே இடம்

கணக்கெடுப்பின் அருமை தெரிய வேண்டுமானால் 1976-ம் ஆண்டுக்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஜனவரி 4-ந்தேதி அந்நாளைய பம்பாயின் குடிசைகள் எல்லாம் ஒரே நாளில் கணக்கெடுக்கப்பட்டன. பதிவானவர்களுக்குப் போட்டோ பாஸ் கொடுத்தார்கள். பெட்டியின் அடியில் பழைய சேலைக்குள் சுற்றி அந்த பாசைப் பாதுகாத்த குடும்பங்கள் எத்தனையோ. நடைபாதையில் வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் அந்தக் கணக்கில் வரவில்லை.

அதே ஆண்டு மே மாதம், டிராம்பேயில் அணுசக்தி நிலையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 70 ஆயிரம் பேர் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். அவர்கள் கொண்டுபோய் விடப்பட்ட இடம்தான் இன்றைய சீத்தா கேம்ப்.

1981-ம் ஆண்டு நடந்தது இன்னொரு சம்பவம். சேலத்திலிருந்து 1961-ல் பிழைக்க வந்த நிலமற்ற தொழிலாளி ஒருவரின் குடிசையை நகராட்சியார் ஜூலை மாதத்தில் இடித்தார்கள். குடும்பத்தோடு பஸ்சில் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பினார்கள். மனைவியும் பெண் பிள்ளைகளும் ஊரில் தங்கிவிட்டார்கள். அவர் மட்டும் வேலை தேடி மீண்டும் பம்பாய்க்கே வந்தார். மறுபடி நடைபாதை வாசம். அவரும் மற்றும் சிலரும் தொடுத்த வழக்கில் 1985 ஜூலை 10-ந்தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது.

பிழைப்புக்கான உரிமை, உயிர் வாழும் உரிமையில் அடங்கியது என்று அந்தத் தீர்ப்பு கூறியது. நடைபாதையில் குடியிருக்க உரிமை இல்லை என்றும் கூறியது. மழைக்காலம் முடியும்வரை குடிசைகளை அகற்றக் கூடாது என்றது. மாற்று இடம் யாருக்கு? 1976 கணக்கில் பதிவானவர்களுக்கு! ஒருநாள் எழுதப்பட்ட பெயர், ஒன்பது ஆண்டு கழித்து ஒரு குடும்பத்துக்கு அடைக்கலமாயிற்று. விட்டுப்போன பெயருக்கு அது கிடைக்கவில்லை.

தாங்களே எடுத்த கணக்கு

தீர்ப்பு வந்த அதே 1985-ம் ஆண்டில் பைகுலா பகுதியில் வேறொரு கணக்கெடுப்பு நடந்தது. நாக்பாடாவில் பணியாற்றிய சமூகப் பணியாளர்கள் சிலர் வெளியேறி 1984-ல் 'ஸ்பார்க்' என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவரான ஷீலா படேல், டாட்டா கழகத்தில் படித்தவர். நடைபாதைப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு ஏறத்தாழ 6 ஆயிரம் குடும்பங்களின் விவரத்தைத் திரட்டினார்கள்.

நடைபாதைவாசி என்றால் இன்று இருப்பார், நாளை போவார் என்பது அதுவரை ஊரார் எண்ணம். பலர் ஆண்டுக்கணக்காக அதே இடத்தில் வாழ்ந்து, பக்கத்திலேயே வேலை பார்த்து, நகரத்துக்கு உழைக்கிறார்கள் என்று கணக்கு காட்டியது.

இவர்களோடு கை கோத்தவர் நம்மவர், ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலிலிருந்து வந்து ஜனதா காலனியில் வாழ்ந்தவர். அந்தக் காலனிக்காகப் போராடியவர். தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பை உருவாக்கி, 2000-ம் ஆண்டில் மகசேசே விருது பெற்றவர். 2018-ல் காலமானார். ஏழைகள் தங்களைத் தாங்களே எண்ணிக்கொள்ள வேண்டும் என்பது அவர் விடாமல் வற்புறுத்திய கருத்து.

1988-ல் ரயில் தண்டவாள ஓரத்துக் குடிசைகளும் கணக்கெடுக்கப்பட்டன. தண்டவாளத்தை ஒட்டிக் குடும்பங்கள் வாழ்ந்ததால் சில இடங்களில் ரயில்கள் வேகத்தைக் குறைத்தே ஓட வேண்டியிருந்தது. பின்னர் மும்பை நகரப் போக்குவரத்துத் திட்டம் வந்தபோது, மக்கள் பங்குகொண்டு தயாரித்த பட்டியலை வைத்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மாற்று வீடுகளுக்குப் போயின.

வார்டு வார்டாக

தேவ்னார், கோவண்டி, மான்கூர்ட், சீத்தா கேம்ப் எல்லாம் எம்-கிழக்கு வார்டைச் சேர்ந்தவை. 2009-ம் ஆண்டுக்கான மும்பை மனிதவள மேம்பாட்டு அறிக்கையில், நகரின் 24 வார்டுகளில் கடைசி இடம் இந்த வார்டுக்கு. அரை நூற்றாண்டுக்கு மேல் டாட்டா கழகம் இருக்கும் அதே வார்டு! விளக்கின் அடியில் இருட்டு என்பது பொய்யல்ல.

கழகம் தன் 75-ம் ஆண்டான 2011-ல் இந்த வார்டையே எடுத்துக்கொண்டு ஒரு திட்டம் தொடங்கியது. மாணவர்களும் சந்து சந்தாகப் போனார்கள். குழாய் எத்தனை, ஒரு கழிப்பறைக்கு எத்தனை குடும்பம், குழந்தை எந்த வகுப்பில் பள்ளியை விட்டது, பிரசவம் எங்கே நடந்தது என்பவைதான் கேள்விகள். திட்டமிடல் என்ற பெரிய வார்த்தைக்கு அடியில் இருப்பது இவ்வளவுதான். எங்கே என்ன குறைகிறது என்று எண்ணிப் பார்த்துப் பணத்தை அங்கே ஒதுக்கச் செய்வது.

சிறிய களப்பணிகள் பெரிய சேவைகளானதும் உண்டு. அடிபட்ட பெண்களுக்காக 1984-ல் மும்பை போலீசோடு சேர்ந்து டாட்டா கழகம் தனிப்பிரிவு ஒன்று தொடங்கியது. போலீஸ் அலுவலகத்திலேயே சமூகப் பணியாளர் உட்கார்ந்து புகார் கேட்டார். பின்னாளில் மாநில அரசே அதை ஏற்று விரிவாக்கியது. தெருக் குழந்தைகளுக்கான 1098 தொலைபேசிச் சேவையும் இங்கேதான் 1996-ல் கழகத்தின் களத் திட்டமாகப் பிறந்தது. பின்பு நாடெங்கும் பரவியது. 2023-ல் அதன் பொறுப்பை அரசு எடுத்துக்கொண்டது.

பீகாரில் நடந்ததை மறக்க முடியாது. அந்த மாநில அரசு கேட்டுக்கொண்டதால் டாட்டா கழகத்தின் 'கோஷிஷ்' குழு நூற்றுக்கும் மேற்பட்ட இல்லங்களைப் பார்வையிட்டு 2018-ல் அறிக்கை கொடுத்தது. முசாபர்பூர் இல்லத்துச் சிறுமிகளுக்கு நடந்த கொடுமை அதன் மூலம் வெளியே வந்தது. 2020 ஜனவரியில் 19 பேர் குற்றவாளிகள் என்று டெல்லி கோர்ட் தீர்ப்பளித்தது. உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டவர்களிடம் குழந்தைகள் வாய் திறந்தார்கள். களப்பணியில் முதலில் கற்றுத்தருவது இந்தக் கேட்கும் பழக்கத்தைத்தான்.

குறைகளும் உண்டு

எல்லா மாணவரும் இப்படிச் சாதித்துவிடுவதில்லை. ஆண்டு முடிந்ததும் போய்விடுகிறார்கள். அடுத்த ஆண்டு புதிதாக ஒருவர் வந்து பழைய கேள்வியையே கேட்கிறார். என்ன கண்டுபிடித்தார்கள் என்று சந்துக்குத் திரும்பி வந்து சொல்பவர் குறைவு. மக்கள் சலித்துக்கொள்வதில் தப்பில்லை.

மொழியும் ஒரு தடை. மராட்டிய முறையில் பெயர், தகப்பன் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம் இருக்கும். நமக்கோ இனிஷியல் ஒன்றுதான். ஒரு கார்டில் தகப்பன் பெயர் முன்னால், இன்னொன்றில் பின்னால். மூன்றாவதில் ஊர்ப் பெயரே குடும்பப் பெயர்! ஒரே ஆள் மூன்று ஆளாகிவிடுகிறார். ஊர்க் கோவில் கொடைக்குக் குடும்பத்தோடு போயிருந்தால் 'பூட்டிய வீடு' என்று எழுதப்படுகிறது. தமிழ் தெரிந்தவர் ஒருவர் கூட இருந்தால் அந்த இடத்திலேயே விசாரித்துத் திருத்தலாம்.

தாராவி மறுசீரமைப்புக்காக 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்போருக்கு ஒரு விதி. பின்னால் வந்தோருக்கும் மேல்தளத்தில் இருப்போருக்கும் வேறு விதி. மாணவியின் நோட்டு வேறு, இத்தகைய அதிகாரபூர்வக் கணக்கெடுப்பு வேறு. மாணவியால் வீடு வாங்கித் தர முடியாது. ஆனால் எந்தக் காகிதத்தில் எந்தப் பெயர் பிழை, எந்த அலுவலகத்தில் மனுக் கொடுப்பது என்று உட்கார்ந்து பார்த்துச் சொல்ல முடியும். அந்த உதவியைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

வாசலில் கேட்க வேண்டியவை

கல்லூரிக் கடிதத்தையும் அடையாள அட்டையையும் காட்டச் சொல்லுங்கள். விவரம் எதற்காக, யாரிடம் போகிறது என்று கேளுங்கள். முடிவை வந்து சொல்வதாக வாக்குறுதி வாங்குங்கள். பணம் கேட்டாலோ, ஆதார் நகலோ, செல்போனுக்கு வரும் ரகசிய எண்ணோ கேட்டாலோ கொடுக்க வேண்டாம். உண்மையான மாணவர் அதைக் கேட்க மாட்டார். விருப்பமில்லாத கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேன் என்று கூறவும் உரிமை உண்டு. ஆனால் சொல்வதைச் சரியாகச் சொல்லுங்கள். நாலு பேர் இருக்கும் வீட்டில் ஆறு என்பதும், வாடகைக்கு இருப்பவரை மறைப்பதும் பின்னால் நமக்கே வினையாகும்.

நம் பிள்ளைகளும் படிக்கலாம்

எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் சமூகப் பணி மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். நுழைவுத் தேர்வு உண்டு. செலவு சிலருக்குச் சுமைதான். தாழ்த்தப்பட்ட, பிற்பட்ட மாணவர்களுக்கான கட்டணச் சலுகை நிறுத்தப்பட்டதை எதிர்த்து 2018 பிப்ரவரியில் டாட்டா கழக மாணவர்களே வேலைநிறுத்தம் செய்தார்கள். எனவே உதவித்தொகை விவரத்தை முன்கூட்டியே விசாரிப்பது அவசியம்.

ஆலைகளில் 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் நல அதிகாரி வேண்டும் என்று 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. அந்நாளில் இப்படிப்புக்கு மவுசு வரக் காரணம் அதுவே. ஆஸ்பத்திரிகளிலும், சிறுவர் நலத்துறையிலும், தொண்டு நிறுவனங்களிலும் இப்படிப்புக்கு வேலை உண்டு. தமிழும் இந்தியும் மராட்டியும் பேசும் மும்பைத் தமிழ்ப் பிள்ளைக்கு மூன்று மொழி வீட்டு வாசலிலேயே கிடைத்த சொத்து. நம் சந்தின் கஷ்டம் அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தாராவிச் சந்தில் அந்த அம்மாள் கடைசியில் பாயை விரித்துப் போடுகிறார். டீயும் வருகிறது. தகப்பன் பெயரைத் தப்பாக எழுதிய மாணவியை நிறுத்தி, "அப்படி இல்லம்மா, இப்படி எழுது" என்று எழுத்துக் கூட்டிச் சொல்கிறார். மாணவி அடித்துத் திருத்துகிறாள். பக்கத்து வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்குகிறது.

"அவுக ஊருக்குப் போயிருக்காவ. அஞ்சு பேரு. விட்டுராத, எழுதிக்கோ" என்கிறார் அந்த அம்மாள்.