காலுக்கும் பயிற்சி, மனத்திற்கும் பயிற்சி

பள்ளி விட்டதும் புத்தகப் பையைத் திண்ணையில் எறிந்துவிட்டுப் பந்தைத் தேடி ஓடும் மகன் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவனைக் குறித்து இரு வகையான பெற்றோரை நாம் காண்கிறோம். பந்து படிப்பைக் கெடுத்துவிடும் என்று அஞ்சித் தடை போடுபவர்கள் ஒரு வகையினர். பத்து வயதிலேயே அவன் பெரும் வீரனாகிவிட வேண்டும் என்று அதிகாலையிலும் அந்தியிலும் ஓட ஓட விரட்டுபவர்கள் மற்றொரு வகையினர். முதலாமவர் மகனின் ஆசையை முடக்குகிறார். இரண்டாமவர் அவனுடைய உடலையே முடக்கிவிடக்கூடும். இவ்விரண்டிற்கும் இடையே நிதானமான பாதை ஒன்று உண்டு. அதனைப் பற்றிச் சற்றே சிந்திப்போம், வாருங்கள்.

ஹைதராபாத்தின் ஆசிரியர்

மர்ஹூம் சையத் அப்துல் ரஹீம் அவர்களின் பெயரை உங்களில் பலர் கேள்விப்பட்டிருக்கலாம். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய அவர் 1950 முதல் 1963 வரை இந்தியக் கால்பந்து அணியின் பயிற்சியாளராக விளங்கினார். 1951-இல் டெல்லியிலும் 1962-இல் ஜகார்த்தாவிலும் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கப் பதக்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் ஆகியவை அவர் காலத்துப் பெருமைகள்.

சிறுவர்களுக்கு அவர் பயிற்சியளித்த முறை கவனிக்கத்தக்கது. பழக்கமில்லாத காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்று ஒரு போட்டி. பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு ஓடாமல் தோழனுக்குக் கொடுத்தே ஆட வேண்டும் என்று மற்றொரு போட்டி. முன்னது உடலின் குறையைச் சீர் செய்தது. பின்னதோ ‘நான்’ என்ற எண்ணத்தைக் குறைத்து ‘நாம்’ என்ற உணர்வை வளர்த்தது. உடற்பயிற்சியும் மனப்பயிற்சியும் வெவ்வேறல்ல என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுமா?

வளரும் உடல்

உங்கள் மகன் சிறிய உருவில் இருக்கும் பெரியவன் அல்லன். அவனுடைய எலும்புகள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. திடீரென உயரம் கூடும் பருவத்தில் முழங்கால் சில்லுக்குக் கீழே வலி தோன்றுவது ஆட்டக்காரச் சிறுவர்களிடம் அடிக்கடி காணப்படும் ஒன்று. “ஓடினால் சரியாகிவிடும்” என்று அதனை அலட்சியம் செய்யாதீர்கள். ஓட்டத்தைக் குறைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆடுகளத்தில் இறங்கியவுடன் பந்தை ஓங்கி உதைப்பது தவறு. முதலில் உடலைச் சூடேற்ற வேண்டும். இதற்கென்றே உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா, ‘லெவன் பிளஸ்’ என்ற பயிற்சித் தொகுப்பை வகுத்துள்ளது. மெதுவான ஓட்டம், கால், வயிறு, முதுகுத் தசைகளுக்கு வலுவூட்டல், ஒற்றைக்காலில் நின்று சமநிலை காத்தல், குதித்து முழங்கால் மடங்கத் தரையிறங்குதல் என 15 பயிற்சிகள் அதில் உண்டு. மொத்தம் சுமார் 20 நிமிடங்களே ஆகும், செலவு ஏதுமில்லை. நார்வே நாட்டில் 13 முதல் 17 வயது வரையுள்ள பெண் ஆட்டக்காரர்களிடம் இம்முறையைச் சோதித்து 2008-இல் வெளியிட்ட ஆய்வு, கடுமையான காயங்கள் பெருமளவு குறைந்ததைக் காட்டியது.

பயிற்சிக்கும் ஓர் அளவு உண்டு. வாரத்தில் பயிற்சி செய்யும் மணிகள் பிள்ளையின் வயதைத் தாண்டலாகாது என்பது நினைவில் வைக்க எளிதான கணக்கு. 12 வயதுச் சிறுவனுக்கு வாரம் 12 மணி நேரமே மேல் எல்லை. வாரத்தில் ஒரு நாளேனும் முழு ஓய்வு தேவை. 12 வயது வரை இரவில் 9 முதல் 12 மணி நேர உறக்கமும், பதின்ம வயதில் 8 முதல் 10 மணி நேர உறக்கமும் அவசியம். உறக்கத்தைக் குறைத்து ஓட வைப்பது, வேரை வெட்டிவிட்டுக் கிளைக்கு நீர் ஊற்றுவதைப் போன்றதாகும்.

உணவிற்கு விலையுயர்ந்த மாவுப் பொட்டலங்கள் வேண்டியதில்லை. ஆட்டத்திற்கு மூன்று மணி நேரம் முன்பு சோறோ இட்லியோ, ஒரு மணி நேரம் முன்பு வாழைப்பழமோ சில பேரீச்சம்பழங்களோ, ஆட்டம் முடிந்தபின் முட்டை, மீன், சுண்டல் ஆகியவற்றில் ஒன்றோ போதும். நமது வெயிலில் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் இடையிடையே தண்ணீர் அருந்தச் செய்யுங்கள். உப்பிட்ட நீர்மோரும் நன்று.

தளராத உள்ளம்

1962-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் இந்திய அணி தனது முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2-0 எனத் தோற்றது. சில நாட்களிலேயே அதே கொரியாவை இறுதி ஆட்டத்தில் சந்தித்தது. அரங்கில் திரண்டிருந்த பெருங்கூட்டம் இந்தியாவிற்கு எதிராகவே முழங்கியது. ரஹீம் சாஹிப் அவர்களோ அப்போதே புற்றுநோயால் வாடிக்கொண்டிருந்தார். எனினும் பி.கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் ஆளுக்கு ஒரு கோல் அடிக்க, இந்தியா 2-1 என வென்றது. முதல் தோல்வியைத் தீர்ப்பாகக் கொள்ளாமல் பாடமாகக் கொண்டதன் பலன் அது. அடுத்த ஆண்டு, 1963-இல், அப்பெருமகனார் காலமானார்.

அந்த இறுதி ஆட்டத்தில் ஜர்னைல் சிங் தலைக்காயத்திற்குத் தையல் போட்ட நிலையில் ஆடினார். அவருடைய துணிவைப் போற்றுவோம். ஆனால் பிள்ளைகளுக்கு அதனை முன்மாதிரியாகக் காட்ட வேண்டாம். தலையில் அடிபட்டு மயக்கம், தலைவலி, தடுமாற்றம் ஏதேனும் தோன்றினால் அன்று மீண்டும் ஆடவே கூடாது என்பது இன்றைய மருத்துவத்தின் உறுதியான விதி.

மனப்பயிற்சி என்பது பெரிய வித்தையன்று. வெற்றி தோல்வி நம் கையில் இல்லை. குறித்த நேரத்தில் வருவதும், பழக்கமில்லாத காலைப் பழக்குவதும், தோழனின் பிழையைப் பொறுப்பதும் நம் கையில் உள்ளன. பிந்தியவற்றையே நாள்தோறும் குறிக்கோளாக வைத்துக்கொள்ளப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுங்கள். தவறு செய்தவுடன் ஒரு முறை ஆழ்ந்து மூச்சு விட்டு, அடுத்த பந்தின்மீது கண் வைக்கச் சொல்லுங்கள். படிப்பையும் விட்டுவிடச் செய்யாதீர்கள். விளையாட்டையே பிழைப்பாகக் கொள்ளும் வாய்ப்பு மிகச் சிலருக்கே கிட்டும்.

பெற்றோரே, மைதானத்தின் ஓரத்தில் நின்று நீங்கள் கத்தும் ஒவ்வொரு சொல்லும் பிள்ளையின் காலில் கட்டிய கல்லாகும். ஆட்டம் முடிந்து வீடு திரும்பும் வழியில் “எத்தனை கோல் அடித்தாய்?” என்று கேட்பதை விட்டு, “இன்று என்ன கற்றுக்கொண்டாய்?” என்று கேட்டுப் பாருங்கள். அவன் சொல்லும் விடையில், அவனுடைய பயிற்சி சரியான வழியில் செல்கிறதா என்பதை நீங்களே அறிந்துகொள்வீர்கள்.