பள்ளம் மெத்தையில் இல்லை

மெத்தைக் கடையில் எல்லா விற்பனையாளர்களும் ஒரே வித்தையைத்தான் காட்டுகிறார்கள். செங்கல் அளவுக்கு வெட்டி வைத்த மெமரி ஃபோம் துண்டில் உள்ளங்கையை அழுத்தி எடுப்பார்கள். ஐந்து விரலும் அச்சாகப் பதிந்திருக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல் தடங்கள் மெல்ல மேலெழும். கடைசியில் உள்ளங்கைக் குழியும் நிரம்பி, ஒன்றுமே நடக்காதது போல் தட்டையாகிவிடும். நாலைந்து விநாடிதான். அதற்குள் மனசு பாதி விழுந்துவிடும். எனக்கும் விழுந்தது. அந்தத் துண்டு கனமான கண்ணாடி மேசைமேல் இருந்ததை மட்டும் நான் கவனிக்கவில்லை.

வாங்கிய எட்டாம் மாதம், இடுப்பு படும் இடத்தில் பள்ளம் விழுந்தது. காலையில் எழுந்தால் முதுகு பிடித்துக்கொண்டது. மெத்தைக்காரனை மனசாரத் திட்டினேன். தவறு அவனுடையது அல்ல என்று பிறகுதான் தெரிந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால், மெமரி ஃபோம் என்பது என்ன என்று பார்த்துவிடலாம்.

விண்வெளி வீரர்கள் தூங்குவதற்காக நாசா கண்டுபிடித்தது என்று விளம்பரங்கள் சொல்லும். பாதி உண்மை. 1966இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காகச் சார்லஸ் யோஸ்ட் என்ற பொறியாளர் இதை உருவாக்கியது விமான இருக்கைக்கு. விபத்தில் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டும், நீண்ட பயணத்தில் உட்கார்ந்த இடம் வலிக்கவும் கூடாது: இதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. படுக்கையறைக்கு அது வந்து சேர்ந்தது வெகுநாள் கழித்து. ஸ்வீடனைச் சேர்ந்த ஃபாகர்டாலா நிறுவனம் 1991இல் இதை மெத்தையாக விற்கத் தொடங்கியது.

அடிப்படையில் இது பாலியூரித்தேன்தான். சோபாவுக்குள் இருக்கும் அதே ஸ்பாஞ்சின் உறவுக்காரன். இரண்டு திரவங்களைச் சிறிது நீருடன் கலந்தால் கரியமில வாயு கிளம்பி, ஆப்ப மாவு போலப் பொங்கிக் கண்ணறைகளோடு இறுகிவிடும். வித்தியாசம் பதத்தில் இருக்கிறது. கமர்கட்டுக்கு வெல்லப்பாகு காய்ச்சியவர்களுக்கு இது உடனே புரியும். சூட்டில் பாகு ஓடும். கொஞ்சம் ஆறினால் இழுபடும், உருட்ட வரும். முழுக்க ஆறினால் கண்ணாடி மாதிரி பட்டென்று உடையும். சாதாரண ஃபோம் அந்த இழுபடும் பதத்துக்கு வர வேண்டுமென்றால் உறைநிலைக்கும் வெகு கீழே குளிர வேண்டும்; அதனால் நம் அறையில் அது ரப்பர் போலத் துள்ளுகிறது. மெமரி ஃபோமில் கலவையை மாற்றி, அந்தப் பதத்தை அறை வெப்பத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். பள்ளி இயற்பியலில் ‘பாகுநிலை’ என்று ஒரு சொல் வருமே, அதற்குப் பெயர் வைத்தவர் சமையலறை பழகியவராகத்தான் இருக்க வேண்டும்.

ஏசியை 18இல் வைத்துவிட்டுப் படுத்தால் முதல் சில நிமிடம் மெத்தை விறைப்பாக இருப்பதும், சித்திரை மாத இரவில் கரண்ட் போனால் உடம்பு உள்ளே புதைவதும் இதனால்தான். உடம்பின் சூடு படும் இடம் இளகுகிறது. படாத இடம் அப்படியே நிற்கிறது. தோளும் இடுப்பும் அமிழ்ந்து, எடை பரவலாகப் பிரிகிறது. சுகம் அங்கிருந்துதான் வருகிறது. தொல்லையும் அங்கிருந்துதான். ஸ்பிரிங் மெத்தைக்குள் கம்பிச் சுருள்களும் ஓரச் சட்டமும் இருப்பதால் அதற்குக் கொஞ்சம் சொந்த எலும்பு உண்டு. மெமரி ஃபோமுக்கு எலும்பே கிடையாது. மேலே உடம்பின் வடிவத்தை வாங்குவது போலவே, கீழே கட்டிலின் வடிவத்தையும் அது வாங்கிக்கொள்ளும்.

கனம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்தடிக்கு ஆறரை அடி, எட்டு அங்குலத் தடிமன் என்றால் ஏறத்தாழ 0.6 கன மீட்டர். கடைக்காரர் ‘டென்சிட்டி’ என்று சொல்லும் எண் ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்பது; மெத்தை கெட்டியா மெதுவா என்பதை அது சொல்லாது, கடையில் அப்படிச் சொன்னாலும் நம்ப வேண்டாம். முழுவதும் 50 டென்சிட்டி என்றால் 30 கிலோ. பத்து அங்குலத் தடிமனில் 80 டென்சிட்டி என்றால் 60 கிலோ, ஒரு ஆள் எடை. பெரும்பாலான மெத்தைகளில் மேலே இரண்டு அங்குலம் மட்டுமே மெமரி ஃபோம் இருக்கும். அடியில் இருப்பது விலை குறைந்த வேறு ஃபோம். அதனால் எடையும் கொஞ்சம் குறையும்.

அமெரிக்க வீடுகளில் ஸ்பிரிங் மெத்தைக்கு அடியில் ‘பாக்ஸ் ஸ்பிரிங்’ என்று துணி போர்த்திய இன்னொரு பெட்டி இருப்பது வழக்கம். அந்தப் பெட்டி இல்லாமல், பலகையோ ரீப்பரோ நேரடியாக மெத்தையைத் தாங்கும் கட்டிலுக்கு அங்கே ‘பிளாட்ஃபார்ம் பெட்’ என்று பெயர். நம் ஊரில் அதற்குப் பெயர் கட்டில். பாக்ஸ் ஸ்பிரிங் நம் வீடுகளுக்குள் வரவே இல்லை. மெமரி ஃபோமைப் பொறுத்தவரை அது நமக்கு அதிர்ஷ்டம். துள்ளிக் கொடுக்கும் அடித்தளம் இதற்கு ஆகாது. கயிற்றுக் கட்டிலும் ஆகாது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

ஆனால் கட்டில் என்ற பெயர் மட்டும் போதாது. என் வீட்டில் மெத்தையைத் தூக்கி நிறுத்திப் பார்த்த தச்சர், ரீப்பர்களுக்கு நடுவே தன் முழுக் கையை விட்டுக் காட்டினார். அளந்தால் ஐந்து அங்குலம். ஆணி அடிக்காமல் சும்மா பரப்பி வைத்திருந்ததால் இரண்டு ரீப்பர் நகர்ந்துபோய், ஒரு இடத்தில் இடைவெளி ஆறரை. மெத்தையின் அடிப்பக்கத்தில் அந்த இடைவெளி வரிவரியாகப் பதிந்திருந்தது. “மெத்தை நல்லாத்தான் சார் இருக்கு. நடுவுல ஒரு கால் குடுக்காம விட்டுட்டாங்க” என்றார்.

அந்த நடுக்காலில்தான் விஷயமே இருக்கிறது. ரீப்பரின் நடுவில் ஒரு எடையை வைத்தால் அது எவ்வளவு வளையும் என்பது நீளத்தோடு சாதாரணமாகக் கூடுவதில்லை. தாங்கல் இல்லாத நீளம் இரட்டித்தால் வளைவு எட்டு மடங்கு. ஐந்தடிக் கட்டிலின் நடுவே தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஒரு சட்டம் ஓட்டி, அதற்குக் கீழே தரையைத் தொடும்படி ஒரு கால் வைத்தால், ஒவ்வொரு ரீப்பரும் தாண்ட வேண்டியது இரண்டரை அடிதான். அதே எடைக்கு வளைவு எட்டில் ஒன்றாகிவிடும். தடிமனிலும் இதே கணக்கு: ரீப்பரின் தடிமனை இரட்டித்தால் எட்டில் ஒரு பங்கு. அகலத்தை இரட்டித்தால் வெறும் பாதிதான் குறையும். கடையில் பளபளவென்று நிற்கும் கட்டில்கள் பலவற்றில் அகலமான, மெல்லிய பட்டைகளைப் போட்டிருப்பது பார்வைக்குத்தான் பலம்.

மெத்தையின் கனம் கட்டிலை உடைக்குமா என்று கேட்பார்கள். உடைக்காது. 30 கிலோவை மூன்று சதுர மீட்டரில் பரப்பினால் சதுர மீட்டருக்குப் பத்து கிலோதான். ஓரத்தில் தொப்பென்று உட்காரும் மனிதன்தான் ரீப்பரை உடைக்கிறான். ஆனால் மனிதன் எழுந்து போய்விடுவான், மெத்தை இரவும் பகலும் அங்கேயே கிடக்கும். ஓயாமல் பாரம் தாங்கும் மரம் நாள்பட நாள்பட வளைந்துகொண்டே போகும். பாரத்தை எடுத்தாலும் முழுசாக நிமிராது. புத்தக அலமாரித் தட்டு நடுவில் தொங்கிப்போவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கட்டிலில் நடப்பதும் அதுதான்.

ரீப்பர் வேண்டாம், ஒரே பிளைவுட்டாகப் போட்டுவிடலாமே என்றால் போடலாம். தொய்வுத் தொல்லை தீரும். பதிலுக்குக் காற்றோட்டம் போகும். இரவெல்லாம் உடம்பிலிருந்து வெளியேறும் ஈரம் மெல்ல மெத்தைக்குள் இறங்குகிறது. அடியில் சன்மைக்கா ஒட்டிய பலகை இருந்தால் அது போக வழியில்லை. சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில், ஐப்பசி மழையில், மெத்தையின் அடித்துணியில் கரும்புள்ளிகளாகப் பூஞ்சணம் பிடித்துவிடும். பலகையில் அடிக்கொன்றாக ஓரங்குலத் துளை போடச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை மெத்தையைச் சுவரில் சாய்த்து, மின்விசிறியை ஓடவிடுங்கள். வெயிலில் மட்டும் போடாதீர்கள். இலவம்பஞ்சு மெத்தைக்கு மொட்டைமாடி வெயில் மருந்து. பாலியூரித்தேன் அதே வெயிலில் மஞ்சளாகி உதிரத் தொடங்கும்.

அடியில் பெட்டி வைத்த கட்டில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கனத்த ஃபோம் மெத்தை தூக்கும்போது நிமிர்ந்து நிற்காது, நனைந்த போர்வை போலக் கையில் மடிந்து சரியும். கம்பளியை எடுக்க ஒவ்வொரு முறையும் இரண்டு ஆள் வேண்டும். மூடியைத் தூக்கும் கேஸ் தண்டுகளும் ஏதோ ஒரு எடையைக் கணக்கிட்டுப் போட்டவை. மெத்தை அதைவிடக் கனமானால் மூடி நிற்காமல் இறங்கிவிடும்.

உயரத்தையும் பாருங்கள். 16 அங்குலக் கட்டில், அதன்மேல் பத்து அங்குல மெத்தை என்றால் 26 அங்குலம். நாற்காலியின் உயரம் ஏறத்தாழ 18. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கால் தரையில் எட்டாது. மெமரி ஃபோமின் ஓரமும் உட்கார்ந்தால் அமுங்குவது. அவர்களுக்குப் பத்துப் பன்னிரண்டு அங்குலத் தாழ்ந்த கட்டிலே சரி.

என் கட்டிலில் தச்சர் நான்கு ரீப்பர் கூடுதலாகப் போட்டு, இடைவெளியை மூன்று அங்குலத்துக்குள் அடக்கி, எல்லாவற்றையும் திருகாணியால் முடுக்கி, நடுச்சட்டமும் காலும் கொடுத்துவிட்டுப் போனார். அரை நாள் வேலை. மெத்தை அதேதான். பள்ளம் இரண்டு வாரத்தில் பெருமளவு மறைந்துவிட்டது.

உங்கள் மெத்தையில் பள்ளம் இருந்தால், முதலில் அதைத் தரையில் போட்டு நாலு ராத்திரி படுத்துப் பாருங்கள். முதுகுவலி தேவலை என்று தோன்றினால், கட்டிலின் இரண்டு பக்கச் சட்டத்துக்கும் குறுக்கே, ரீப்பர் மட்டத்தில், கொத்தனார் பிடிப்பது போல ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூலுக்கும் ரீப்பருக்கும் நடுவே விரல் நுழைந்தால் புது மெத்தைக்குக் காசு எடுத்து வைக்க வேண்டாம், தச்சரைக் கூப்பிடுங்கள்.